சிலுவையும் சைபரும்

சேலையூர்
11-3-1973

அன்புள்ள அண்ணாவுக்கு,

தம்பி ஜெபராஜின் ஸ்தோத்திரம். கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம். வால்டேரில் நீங்கள், ஹில்டா அண்ணி, பாப்பா பியூலா எல்லாரும் சுகம்தானே? அம்மாவுக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. இடது கண்ணை வைத்துக்கொண்டு வீடு பூராவும் நடமாடுகிறாள். அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை என்பதுதான் அவளுக்கு இப்போது பெரிய துக்கம்.

ஒரு முக்கியமான விஷயம். எங்கள் காலேஜ் மியூசியத்தில் கீப்பராக இருப்பவர் இந்த வருஷத்தோடு ரிட்டயர் ஆகிறார். ஜூனில் வேறு ஆள் போடுவார்கள். பதினாறு வருஷமாக ஜாடி கழுவுகிற அட்டெண்டருக்கு அந்த வேலை கிடைக்குமா என்று எங்கள் டிபார்ட்மென்ட் தலைவர் ஸ்ரீநிவாசராகவன் சாரிடம் துணிந்து கேட்டேவிட்டேன். நல்ல மனுஷர், சிரிக்கவில்லை. "ஜெபராஜ், உனக்கு டிகிரி கிடையாது. அதனால ஏதாவது ஒண்ணு செஞ்சு காட்டு. கடலாமை முட்டையைப் பெட்டியில வச்சுக் குஞ்சு பொரிச்சுக் காட்டினா, பிரின்சிபால்கிட்ட நானே போய்ப் பேசறேன்" என்றார். அவருக்குப் பூச்சிதான் பாடம். ஆமையில் சந்தேகம் வந்தால், "உங்க அண்ணா வால்டேர் யுனிவர்சிட்டியில ஆமை லைன்தானே, அவரைக் கேளு" என்று சொல்லிவிட்டார்.

நேற்று விடிந்ததும் சைக்கிளை எடுத்தேன். சோழிங்கநல்லூர் வரை மிதித்து, கால்வாயைப் படகில் தாண்டி ஈஞ்சம்பாக்கம் போனேன். அங்கே குப்பன் என்று ஒரு மீன்காரர். பங்குனி ஆமை என்று இவர்கள் சொல்கிற கடலாமை போட்டுவிட்டுப் போன முட்டை நூற்றுப் பன்னிரண்டு, மணலோடு கூடையில் அள்ளிக் கொடுத்தார். எல்லாம் பிங்பாங் பந்து மாதிரி உருண்டை.

பெட்டி எப்படி என்று கேட்பீர்கள். மிஷன் கோழிப்பண்ணையில் வேலை பார்த்தபோது அப்பா வீட்டில் செய்து வைத்த குஞ்சு பொரிக்கிற பெட்டி பரணில் கிடந்தது. பலகையெல்லாம் செல்லரித்துவிட்டது. ஆனால் அந்த ஈதர் ஊற்றிய பித்தளை வில்லை அப்படியே இருக்கிறது, அண்ணா! சூடு ஏறினால் உப்பி, கம்பியைத் தள்ளி, விளக்கை அணைக்குமே, அதேதான். ஒரு தேயிலைப் பெட்டிக்குள் சின்னப் பெட்டி ஒன்றை வைத்து, நடுவே மரத்தூள் அடைத்து, இரண்டு பல்பு மாட்டி, தண்ணீர்த் தட்டு வைத்து, அந்த வில்லையையும் பொருத்திவிட்டேன். வேலை செய்கிறது.

முட்டைக்கு நம் வீட்டு வழக்கப்படி பென்சிலால் ஒரு பக்கம் சிலுவை, மறுபக்கம் சைபர் போட்டாயிற்று. அப்பா கோழி முட்டை வைத்த காலத்தில் நீங்கள் சிலுவை போடுவீர்கள், நான் சைபர் போடுவேன். காலை ஜெபம் முடிந்ததும் நான் புரட்டுகிறேன். மத்தியானம் நான் காலேஜில் இருப்பதால் அம்மா புரட்டுகிறாள். சாயங்கால ஜெபம் முடிந்து மறுபடி நான்.

சூடு எத்தனை டிகிரி வேண்டும்? செய்வதில் எது தப்பாக இருந்தாலும் உடனே ஒரு கார்டு போடுங்கள். எனக்கு இனிமேல் இப்படி ஒரு சந்தர்ப்பம் வராது.

உங்கள் அன்புத் தம்பி,
ஜெபராஜ்


வால்டேர்
19-3-1973

அன்புத் தம்பி ஜெபராஜுக்கு,

ஆசீர்வாதம். இங்கு யாவரும் நலம். அம்மாவின் கண்ணைப் பற்றி வருத்தம். வெயில் குறைந்ததும் எழும்பூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போ.

உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். கோழி முட்டைக்கு வேண்டிய நூறு டிகிரி கடலாமைக்கு ஆகாது. எண்பத்தாறில் நிறுத்து. வில்லையின் திருகாணியை அதற்கேற்ப இறுக்கிக்கொள். மணல் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. கிணற்று நீரைத் தெளி. பல்பின் வெளிச்சம் முட்டைமேல் நேராகப் படாதபடி தகரம் வைத்து மறை. மூடியில் நான்கு துளை போதும். எறும்பு ஏறாமல் பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்து.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நோட்டு போடு. நாள்தோறும் மூன்று வேளையும் சூடு, மணலின் ஈரம், முட்டையைப் புரட்டிய நேரம், புரட்டியவர் யார் என்பதை விடாமல் எழுது. எழுதாத வேலை செய்யாத வேலைக்குச் சமம்.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

உன் அண்ணன்,
வில்பிரட்


சேலையூர்
24-3-1973

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் சுகத்தையே நாடுகிறோம். கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். "பெரியவன் எவ்வளவு பொறுப்பா எழுதியிருக்கான் பாரு" என்று புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நீங்கள் சொன்னபடியே திருகாணியை இறுக்கினேன், தகரம் மறைத்தேன், எறும்புக்குக் கிண்ணம் வைத்தேன். எண்பத்தாறில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. நோட்டும் போட்டுவிட்டேன். காலை ஆறரை, நான். மத்தியானம் பன்னிரண்டு, அம்மா. சாயங்காலம் ஏழு, நான்.

அம்மா புரட்டுவதை நீங்கள் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முட்டையாக எடுத்து, நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், சிலுவை தெரிகிறதா என்று பார்த்து, "ஆண்டவரே, என் சின்னவனுக்காக" என்று சொல்லித் திருப்பி வைக்கிறாள். நூற்றுப் பன்னிரண்டுக்கும் இதே ஜெபம்தான். ஒரு மணி நேரம் ஆகிறது. "நீ சாப்பிட்டுட்டுப் பண்ணேம்மா" என்றால், "வேலைன்னு ஒண்ணு குடுத்திருக்கேல்ல, பேசாம போ" என்கிறாள். அரிசியில் கல் பொறுக்க முடியாத துக்கம் போய்விட்டது.

ஒரு சந்தேகம், அண்ணா. ஐந்தாறு முட்டையின் மேல்பக்கம் வெள்ளைத் திட்டு மாதிரி விழுந்தது. விழுந்து அப்படியே நின்றுவிட்டது, பெரிசாகவில்லை. புரட்டினால் அது அடிப்பக்கம் போய்விடுகிறது. ஆமைக்கும் கோழி மாதிரி புரட்டத்தான் வேண்டுமா? குப்பனைக் கேட்கலாம். ஆனால் முட்டையைக் கூடையில் விற்கிறவருக்கு என்ன தெரியும்? படித்த அண்ணன் இருக்கும்போது வெளியே எதற்குக் கேட்க வேண்டும்?

பங்குனி முடிகிறவரை ஆமை முட்டை போடக் கரை ஏறுமாம். வேண்டுமானால் இன்னொரு கூடை தருகிறேன் என்கிறார் குப்பன். தேவையென்றால் எழுதுங்கள், உடனே போய்வருகிறேன். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

உங்கள் அன்புத் தம்பி,
ஜெபராஜ்


வால்டேர்
14-4-1973

அன்புத் தம்பி ஜெபராஜுக்கு,

ஆசீர்வாதம். உடனே பதில் எழுத இயலவில்லை. பரீட்சைத் தாள் திருத்தும் வேலை தலைக்குமேல் இருந்தது. பியூலாவுக்கும் காய்ச்சல் வந்து இப்போது தேவலை.

உன் ஒழுங்கு எனக்கு மிகுந்த சந்தோஷம். ஒன்று மட்டும் சொல்வேன். இடையில் எதையும் மாற்றாதே. எந்த முறையில் ஆரம்பித்தாயோ அந்த முறையிலேயே கடைசிவரை செல். பாதியில் முறையை மாற்றினால் கிடைக்கும் முடிவு எதற்கும் உதவாது. பத்து நாளைக்கு ஒரு முட்டையைத் திறந்து பார்த்து, உள்ளே இருப்பதைப் பார்மலினில் போட்டு, தேதி எழுதி வை.

உன் கல்யாணப் பேச்சு என்ன ஆயிற்று?

உன் அண்ணன்,
வில்பிரட்


சேலையூர்
29-4-1973

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஸ்தோத்திரம். பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டதற்காகச் சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டாள் அம்மா. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது.

உங்கள் கடிதம் வந்தபோது பங்குனியே முடிந்துவிட்டது. இரண்டாவது கூடை பேச்சு அதோடு போயிற்று. பரவாயில்லை, நீங்கள் சொன்னபடி எதையும் மாற்றவில்லை. இன்றைக்கு ஐம்பத்தோராம் நாள். ஆனால் அண்ணா, மனசுக்குள் ஒரு பயம். இதுவரை இரண்டு முட்டை திறந்தேன். உள்ளே குஞ்சு மாதிரி ஒன்றும் இல்லை. மஞ்சளாகக் குழம்பிக் கிடக்கிறது. மணலில் லேசாக ஒரு வாடை. போன சனிக்கிழமை ஆறு மணி நேரம் கரண்டு இல்லை. லாந்தரை ஏற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். அதனால் ஏதாவது ஆகியிருக்குமோ?

அம்மா பெட்டியில் காதை வைத்துக் கேட்கிறாள். "உள்ள ஏதோ பிறாண்டற சத்தம் கேக்குதுடா" என்கிறாள். நானும் காதை வைத்துப் பார்த்தேன். எனக்குக் கேட்கவில்லை.

கல்யாணப் பேச்சு கேட்டிருந்தீர்கள். குரோம்பேட்டையில் ஒரு இடம் வந்தது. கீப்பர் ஆனால் யோசிப்பார்களாம். அட்டெண்டருக்கு என்றால் பெண்ணே பூப்பெய்தவில்லை என்பார்கள் போலிருக்கிறது. போகட்டும். சார் தினமும் "என்ன ஜெபராஜ், ஆச்சா?" என்று கேட்கிறார்.

ஜெபித்துக்கொள்ளுங்கள்.

ஜெபராஜ்


கார்டு
20-5-1973

அண்ணாவுக்கு, ஸ்தோத்திரம்.

எல்லாம் முடிந்துவிட்டது. எழுபது நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நேற்று அத்தனையையும் திறந்தேன். ஒன்றுகூட இல்லை. நூற்றுப் பன்னிரண்டில் ஒன்றுகூட. தோட்டத்தில் குழி வெட்டிப் புதைத்தேன். தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டது. அம்மா நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. "என் கை ராசியில்லையோ? கண்ணு தெரியாம எதையாவது நசுக்கிட்டேனோ?" என்று அரற்றுகிறாள். கரண்டு போனதுதான் காரணம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இப்போது கரண்டு ஆபீஸ்காரர்களைத் திட்டிக்கொண்டு கொஞ்சம் கஞ்சி குடித்தாள். வேறு காரணம் ஏதாவது உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

ஜெபராஜ்


வால்டேர்
2-6-1973

அன்புத் தம்பிக்கு,

ஆசீர்வாதம். கார்டு கிடைத்தது. மனம் தளராதே. அறிவியலில் தோல்வி என்று ஒன்று கிடையாது, எல்லாம் முடிவுகள்தான். நீ போட்ட நோட்டையும் பார்மலின் ஜாடிகளையும் ரிஜிஸ்டர் பார்சலில் எனக்கு அனுப்பு. ஜாடி உடையாமல் வைக்கோல் சுற்று. நோட்டில் ஒரு பக்கமும் விடுபடக் கூடாது. அம்மாவைச் சாப்பிடச் சொல்.

உன் அண்ணன்,
வில்பிரட்


சேலையூர்
8-7-1973

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஸ்தோத்திரம். நாங்கள் இருக்கிறோம். நீங்களும் அண்ணியும் பாப்பாவும் சுகமாயிருங்கள்.

நோட்டும் ஜாடியும் அனுப்பிவிட்டேன், வந்திருக்கும். கீப்பர் வேலைக்கு வேதாசலம் என்று ஒரு பையனைப் போட்டுவிட்டார்கள். பி.எஸ்ஸி. இந்த வருஷம்தான் முடித்தான். ஸ்ரீநிவாசராகவன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரே ஒரு குஞ்சு வந்திருந்தாக்கூட நான் சண்டை போட்டிருப்பேம்ப்பா" என்றார். அவர்மேல் குற்றம் இல்லை. வேதாசலத்துக்கு உடும்புக்கும் ஓணானுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஜாடிக்கு லேபிள் எழுதுவதற்கு என்னைத்தான் கூப்பிடுகிறான். எழுதிக் கொடுக்கிறேன். ஒட்டுகிறவன் அவன், சம்பளம் வாங்குகிறவனும் அவன்.

அண்ணா, ஒன்று சொல்லட்டுமா? நீங்கள் இதே காலேஜில் பி.எஸ்ஸி படித்தபோது உங்களுக்குத் தவளை பிடித்துக் கொடுத்தது நான். பள்ளிக்கரணை சதுப்பில் முட்டிவரை சேற்றில் நின்று பிடித்தேன். நீங்கள் அறுத்து முடித்த தட்டைக் கழுவினதும் நான். அப்பா இறந்துபோன வருஷம் வீட்டில் ஒருத்தன்தான் படிக்க முடியும் என்றபோது, "அண்ணன் படிக்கட்டும்மா" என்று சொன்னது என் வாய்தான். அதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. இப்போதுகூட வருத்தப்படவில்லை. சும்மா சொல்கிறேன். வயிற்றெரிச்சலில் கை தானாக எழுதுகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

முட்டை ஏன் செத்தது என்று நோட்டைப் பார்த்தால் உங்களுக்குத் தெரியும். தெரிந்ததும் எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
ஜெபராஜ்


வால்டேர்
3-8-1974

அன்புள்ள தம்பிக்கு,

ஹில்டா அண்ணியின் வாழ்த்துதல்கள். நீங்களும் மாமியும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். மாமிக்குக் கண் ஆபரேஷன் தேதி குறித்தாகிவிட்டதா?

உங்க அண்ணா கடிதம் எழுதியே ஒரு வருஷமாகப் போகிறது என்று மாமி குறைப்படுவதாகக் கேள்விப்பட்டேன். கோபித்துக்கொள்ளாதீங்க தம்பி. மனுஷன் வீட்டிலேயே இல்லை, எப்போதும் லேப்தான். ஆனால் பட்ட பாடு வீண் போகவில்லை. அண்ணாவுக்கு டாக்டர் பட்டம் கிடைத்துவிட்டது! அதற்குக் காரணமான கட்டுரை அச்சாகி வந்திருக்கிறது. இத்துடன் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். அண்ணாவுக்குச் சொல்லாமல்தான் அனுப்புகிறேன். ஏன் தெரியுமா? கடைசிப் பக்கம் பாருங்க, உங்க பேரும் அச்சில் வந்திருக்கிறது! "தாம்பரம் பி. ஜெபராஜ் அவர்களின் உதவிக்கு நன்றி" என்று இங்கிலீஷில். மாமியிடம் தொட்டுக் காட்டுங்க, சந்தோஷப்படுவாங்க.

எனக்கு சயின்ஸ் தெரியாது. அண்ணாதான் விளக்கினாங்க. நீங்க பெட்டி வைத்த அதே மார்ச்சில் அண்ணாவும் எங்க ஸ்டோர் ரூமில் ஒரு பெட்டி வைத்தாங்க, ஞாபகம் இருக்கிறது. யாரும் அதைத் தொடக்கூடாது, பக்கத்தில் துடைப்பம்கூடப் போடக்கூடாது, அசைந்தால் கரு செத்துப்போகும் என்று கண்டிப்பான உத்தரவு. பாப்பா ஒரு தடவை மூடியைத் தொட்டதற்கு அடி வாங்கினாள். அதில் எண்பத்து மூன்று குஞ்சு வந்தது. உங்க பெட்டியில் தினமும் மூன்று வேளை புரட்டியதால் ஒன்றும் வரவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதால்தான் ஆமை முட்டையைப் புரட்டக்கூடாது என்று நிரூபிக்க முடிந்ததாம். "ஜெபராஜ் மாதிரி ஒழுங்கா நோட்டு போட யாராலயும் முடியாது" என்று எல்லாரிடமும் சொல்கிறாங்க. நீங்க இல்லாமல் இந்தப் பட்டம் இல்லை தம்பி. கர்த்தர் உங்களையும் உயர்த்துவார்.

அன்பு அண்ணி,
ஹில்டா


வால்டேர்
4-5-1975

அன்புத் தம்பி ஜெபராஜுக்கு,

ஆசீர்வாதம். உன்னிடமிருந்து ஒன்பது மாதமாக ஒரு வரியும் இல்லை. நான் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. ஹில்டா கட்டுரையை அனுப்பியது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

நீ தப்பாக எடுத்துக்கொண்டிருப்பாய் என்று ஊகிக்கிறேன். நிதானமாக யோசி. உன் முதல் கடிதம் என் கையில் கிடைத்தபோதே ஐந்து நாள் புரட்டியாகிவிட்டது. அதற்குள் கரு போயிருக்கும். அதை எழுதி உன்னையும் அம்மாவையும் வேதனைப்படுத்துவதில் என்ன லாபம்? எப்படியும் வீணாகவிருந்த ஒன்று அறிவுக்குப் பயன்பட்டது. அவ்வளவுதான் நடந்தது. கட்டுரையில் உன் பெயரைப் போட வேண்டுமென்று நான்தான் பிடிவாதமாக நின்றேன்.

அம்மா பக்கத்து வீட்டுக் கனகவல்லி டீச்சரிடம் சொல்லி எழுதிய கார்டு நேற்று வந்தது. இந்த வருஷம் உன் பெட்டியில் எழுபத்தொரு குஞ்சு வந்ததாகச் சொல்லியிருக்கிறாள். மிகவும் மகிழ்ச்சி. இந்த வருஷ நோட்டையும் அனுப்பினால் அடுத்த கட்டுரைக்கு உதவும். இம்முறை உன் பெயரை என் பெயருக்குப் பக்கத்திலேயே போடலாம்.

இருபத்தைந்தாம் தேதி லீவில் குடும்பத்தோடு வருகிறோம். நேரில் பேசுவோம்.

உன் அண்ணன்,
வில்பிரட்


சேலையூர்
11-5-1975

வில்பிரட்டுக்கு,

ஜெபராஜ் எழுதுகிறேன். அம்மா சுகம். கண் ஆபரேஷன் ஆகி, நிழல் மாதிரி ஆள் தெரிகிறது.

இந்தக் கடிதத்தில் நீ என்றுதான் எழுதப்போகிறேன். இது அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிற கடிதம் இல்லை.

அண்ணி அனுப்பிய கட்டுரையை அகராதியை வைத்துக்கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்தேன். என் நோட்டு அதில் அட்டவணையாக வந்திருக்கிறது. காலை, மத்தியானம், மாலை. மொத்தம் இத்தனை தடவை புரட்டப்பட்டது என்று கூட்டிப் போட்டிருக்கிறாய். மத்தியானப் பத்தியில் இருப்பதெல்லாம் அம்மாவின் கை. அது உனக்குத் தெரியும். நான்தானே பெயர் போட்டு எழுதி அனுப்பினேன்! "யார் புரட்டினார்கள் என்று எழுது" என்று நீ கேட்டபோது, அண்ணனுக்கு என்ன அக்கறை என்று பூரித்துப் போனேன், மடையன்.

ஐந்து நாளில் கரு செத்தது என்கிறாய். சரி. அது என் அறியாமை, என் தலையெழுத்து. உன்மேல் பழி போடவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் பங்குனியே பிறந்திருந்தது. குப்பன் கூடையோடு தயாராக இருந்தார். "புரட்டாதே, வேறு முட்டை எடு" என்று ஒரு கார்டில் நாலு வார்த்தை எழுதியிருந்தால் போதும். மே மாசம் குஞ்சு வந்திருக்கும். ஜூனில் நான் கீப்பர். எறும்புக்குக் கிண்ணம் வைக்கச் சொல்லி எழுதத் தெரிந்த உனக்கு அந்த நாலு வார்த்தை வரவில்லை. நேராகவே கேட்டேன். மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, பங்குனி போன மறுநாள் உட்கார்ந்து "எதையும் மாற்றாதே" என்று எழுதினாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாய். உனக்கு அட்டவணையில் ஒரு பக்கம் சைபர் தேவைப்பட்டது. சைபர் போடுகிறவன் சின்ன வயசிலிருந்தே நான்தானே.

இந்த மார்ச்சில் குப்பனிடம் மறுபடி போனேன். போன தடவை கேட்கக் கூச்சப்பட்டதைக் கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "இன்னா சார் நீ, இது இன்னா கோழியா? ஆமை முட்டைய வுட்டுட்டு கடலுக்குப் போய்கினே கீது. எது சார் வந்து திருப்பும்? மண்ணுல எப்டி கீதோ அப்டியே வுட்டுடணும். சைக்கிள்லகூட வெக்காத, குலுங்கும்" என்றார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு பீடிகூடக் கேட்கவில்லை. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பத்து மைல் நடந்தே வந்தேன்.

பெட்டி வைத்த அன்றைக்கே அம்மா பென்சிலை எடுத்துக்கொண்டு வந்தாள். "நான் மத்தியானம் புரட்டறேன்டா" என்றாள். "இது வேற ஜாதி ஆமைம்மா, இதைப் புரட்டத் தேவையில்ல" என்று சொன்னேன். முகம் சுருங்கிப் போய்விட்டது. அவளுக்கு இருந்த ஒரே வேலையும் போயிற்று. போன மாசம் கடைசியில் மணல் அசைந்தது. நூற்று நாலில் எழுபத்தொன்று. அம்மாவின் கையில் ஒன்றை வைத்தேன். அது உள்ளங்கையில் துடுப்புப் போட்டது. குழந்தை மாதிரி சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "அந்தத் தடவ கரண்டு மட்டும் போகாம இருந்திருந்தா, அதுங்களும் இப்படித்தானடா துடிச்சிருக்கும்" என்றாள். எழுபத்தொன்றையும் ஈஞ்சம்பாக்கத்தில் கொண்டுபோய்க் கடலில் விட்டேன். காலேஜில் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது, வேதாசலம் அந்த நாற்காலியில் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

நோட்டு வராது. அதன் முதல் பக்கத்தில் "புரட்டவில்லை. சொல்லிக்கொடுத்தவர் குப்பன், ஈஞ்சம்பாக்கம்" என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் வேறு பேருக்கு இடம் இல்லை.

இருபத்தைந்தாம் தேதி வருகிறாய். வா, உன் வீடுதான். ரயிலடிக்கு நான் வரமாட்டேன், ஜட்கா வண்டி பிடித்து வந்துவிடு. அண்ணியிடம் நான் ஒன்றும் பேசமாட்டேன், அவர்கள் வெள்ளை மனசு. நீயும் அவர்களிடம் இப்போதே சொல்லி வை, அம்மா முன்னால் அந்தக் கட்டுரைப் பேச்சை எடுக்கக்கூடாது.

ஏனென்றால் நீ வந்து உட்கார்ந்ததும் அம்மா உன்னைத்தான் கேட்கப்போகிறாள். இப்போதே என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "பெரியவன் வரட்டும், அவன் படிச்சவன், அந்த முட்டை ஏன் செத்துச்சுன்னு அவனுக்குத் தெரியும்." அவள் கேட்கும்போது உன் டாக்டர் பட்டத்தை எடுத்து விளக்காதே. ஒவ்வொரு முட்டைக்கும் என் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணினவள் அவள். அந்தக் கைதான் கொன்றது என்று அவளுக்குத் தெரிந்தால், அதற்குமேல் அவள் இருக்கமாட்டாள். கரண்டு போனதால்தான் என்று நீயும் சொல்லு. மேற்கொண்டு கேட்டால் பேச்சை மாற்று. இதில் மட்டும் நீயும் நானும் ஒரே வயிற்றுப் பிள்ளைகளாக இருப்போம்.

உண்மையைச் சொல்லாமல் இருக்க உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ரத்தினபாயின் இளைய மகன்,
ஜெபராஜ்